ஒரே மூலக்கூறை ஆண்டுக்கணக்காக வாசித்த கார்ல் வோஸ்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் திருகோணமலையில் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன: இசட் புள்ளி எவ்வளவு, மருத்துவ பீடம் கிடைக்குமா. கிடைக்காமல் விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளையிடம் உறவினர்கள் துக்கம் விசாரிப்பது போலப் பேசுவதை இந்த ஊரில் உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படித் தெரிவான மாணவி ஒருத்தி அண்மையில், "சேர், நுண்ணங்கிகளைப் படிச்சு என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சுருக்கமாகச் சொன்ன ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். மருத்துவக் கல்வியைத் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் தாமாகவே அதை விட்டு விலகியவர் அவர்.

கார்ல் வோஸ் 1928 இல் நியூ யோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் பிறந்தார். ஆம்ஹேர்ஸ்ட் கல்லூரியில் கணிதமும் பௌதிகவியலும் கற்று 1950 இல் பட்டம் பெற்றார். 1953 இல் யேல் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கியவர் அதை முடிக்காமல் ஆய்வுக்கே திரும்பினார். யேலிலும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலும் சில காலம் பணியாற்றிவிட்டு, 1964 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2012 டிசம்பரில் இறக்கும்வரை அவருடைய பணியிடம் அதுவாகவே இருந்தது.

1960களில் மூலக்கூற்று உயிரியலாளர் பலரையும் போல அவரும் பிறப்புரிமைக் குறியீட்டில், அதாவது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் எழுத்துகள் (அவற்றை ஆக்கும் நான்கு வகை இரசாயன அலகுகள்) புரதமாக வாசிக்கப்படும் விதிமுறையில், ஈடுபட்டிருந்தார். மற்றவர்கள் எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று கண்டறிவதில் முனைந்திருந்தபோது, அந்தக் குறியீடு எவ்வாறு தோன்றியது, அதை வாசிக்கும் பொறிமுறை எப்படிக் கூர்ப்படைந்தது என்பதே அவரது கேள்வியாக இருந்தது. இதற்கு விடை காண வேண்டுமானால் எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒரு வம்சாவளி தேவை. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் உருவமைப்பையும் உயிர்ச்சுவடுகளையும் கொண்டு அதை ஓரளவு வரையலாம். நுணுக்குக்காட்டியில் கோலாகவோ கோளமாகவோ மட்டும் தெரியும் பற்றீரியாக்களுக்கு அது இயலவில்லை. அத்துறையின் மூத்த அறிஞர்களான ரொஜர் ஸ்டானியரும் வான் நீலும் 1962 அளவில் அந்த முயற்சியையே கைவிட்டிருந்தனர். ஆனால் 1965 இல் எமில் சூக்கர்காண்டலும் லைனஸ் போலிங்கும், மூலக்கூறுகளின் எழுத்துத் தொடரிலேயே கூர்ப்பின் வரலாறு பதிந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். வோஸ் 1969 இல், டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்குக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கலத்தினுள் இருக்கும் இந்தப் பதிவை வாசித்து மிகப் பழைய கூர்ப்பு நிகழ்வுகளை அறியத் தாம் எண்ணியிருப்பதைத் தெரிவித்தார்.

எந்த மூலக்கூறை வாசிப்பது என்பதில் அவர் காட்டிய தெளிவையே அவருடைய பணி முழுவதிலும் நான் மிகவும் மதிக்கிறேன். எல்லா உயிரினங்களிலும் அது இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே தொழிலைச் செய்ய வேண்டும். பிரித்தெடுக்கப் போதிய அளவில் கிடைக்க வேண்டும். தொலைதூர உறவுகளும் அழிந்துவிடாத அளவுக்கு மெதுவாக மாற வேண்டும். இந்த நான்கும் புரதம் தொகுக்கும் இரைபோசோமின் ஆர்.என்.ஏ.யில் பொருந்தின. பற்றீரியாக்களில் 16எஸ் எனப்படும் அந்த மூலக்கூறு ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமானது.

இன்று மாதிரியை அனுப்பிவிட்டால் அந்த 1,500 எழுத்துகளும் வாசிக்கப்பட்டுக் கோப்பாக வந்து சேர்ந்துவிடும். அன்று அப்படியொரு வசதி இருக்கவில்லை. பிரெட்ரிக் சாங்கரின் ஆய்வுகூடத்தில் உருவான முறையை வோஸ் தம் தேவைக்கு மாற்றியமைத்தார். நுண்ணங்கியைக் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசு சேர்ந்த ஊடகத்தில் வளர்த்து, அதன் இரைபோசோம் ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, குவானின் எழுத்து வரும் இடமெல்லாம் வெட்டும் ஒரு நொதியத்தால் அதைத் துண்டுகளாக்குவார்கள். அந்தத் துண்டுகளை மின்புலத்தில் இரண்டு திசைகளில் ஓடவிட்டுப் பிரித்து, அதன்மேல் எக்ஸ் கதிர்ப் படத்தாளை வைத்தால், ஒவ்வொரு துண்டும் கறுத்த புள்ளியாகப் பதியும். புள்ளி இருந்த இடத்தை வெட்டியெடுத்து வேறு நொதியங்களால் மீண்டும் உடைத்து, அதில் எழுத்துகள் எந்த ஒழுங்கில் உள்ளன என்று உய்த்தறிய வேண்டும். இவ்வாறு ஓர் உயிரினத்துக்கு ஒரு துண்டுப் பட்டியல் கிடைக்கும். இரண்டு பட்டியல்களில் பொதுவான துண்டுகள் எத்தனை என்பதைக் கொண்டு உறவின் நெருக்கம் கணிக்கப்படும். ஆய்வுகூட வேலையில் மிச்செல் சோகின், லிண்டா பொனென், லிண்டா மக்ரம் போன்றோர் உழைத்தார்கள். ஒளிப்பெட்டியின்மேல் படத்தாள்களை விரித்துப் புள்ளிகளை வாசிக்கும் வேலையை வோஸ் தாமே செய்தார். நாள் முழுவதும், வாரக்கணக்காக, ஆண்டுக்கணக்காக அவர் அதையே செய்தார். அன்றைய துறையினருக்கு அது பெரிய ஆய்வாகத் தோன்றவில்லை.

1976 இல் திருப்பம் நேர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வூல்ஃப் என்பவர் மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒட்சிசன் பட்டால் மடிந்துவிடும் இவற்றை ஐதரசனும் காபனீரொட்சைட்டும் நிரப்பிய அடைத்த குழாய்களில் வளர்க்கும் முறையை அவரது மாணவர் வில்லியம் போல்ச் உருவாக்கியிருந்தார். இந்த நுண்ணங்கிகள் நமக்கு அந்நியமானவையல்ல. தம்பலகாமத்து வயல்களில் நீர் தேங்கிய சேற்றிலும், புல் மேயும் மாடுகளின் இரைப்பையிலும் மெதேன் உருவாவது இத்தகைய நுண்ணங்கிகளாலேயே. இவற்றில் ஒன்றின் படத்தாளை வாசித்த வோஸ், எல்லாப் பற்றீரியாக்களிலும் இருந்தே தீர வேண்டும் என்று தாம் அதுவரை கண்டிருந்த துண்டுகள் அதில் இல்லாததைக் கவனித்தார். தவறு நேர்ந்திருக்கலாம் என்று பரிசோதனை மீண்டும் செய்யப்பட்டது, விடை மாறவில்லை. இவை பற்றீரியாக்களே அல்ல என்று அவர் வூல்ஃபிடம் கூறினார். நுணுக்குக்காட்டியில் பற்றீரியாவைப் போலவே தெரியும் ஒன்று, பற்றீரியாவிடமிருந்தும் நம்மிடமிருந்தும் ஒருங்கே விலகி நின்றது. எண்ணற்ற படத்தாள்களை முன்பே வாசித்திருந்ததால்தான் அந்த ஒரு படத்தாளில் இல்லாத புள்ளிகள் அவர் கண்ணில் பட்டன.

வோசும் அவருடன் ஆய்வு செய்த ஜோர்ஜ் ஃபொக்சும் 1977 நவம்பரில் இந்த முடிவை வெளியிட்டனர். நவம்பர் 3 ஆம் திகதி நியூ யோர்க் டைம்ஸ் அதை முதற்பக்கத்தில் அச்சிட்டது. விஞ்ஞானிகளின் வரவேற்போ மிகக் கடுமையாக இருந்தது. நோபல் பரிசு பெற்ற சல்வடோர் லூரியா தம்மைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளும்படி எச்சரித்ததை வூல்ஃப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பத்திரிகைகள் வழியாக அறிவித்த முறை சிலருக்குப் பிடிக்கவில்லை. வோசின் முறையை விளங்கிக்கொண்டவர்களும் மிகச் சிலரே. என் கருத்தில் இரண்டாவது காரணமே பெரிது. பிறர் பரிசோதித்துப் பார்க்க முடியாத அளவுக்குக் கடினமான ஒரு முறையில் கிடைத்த முடிவை நம்பும்படி கேட்பது எளிதன்று.

ஜேர்மனியில் நிலைமை வேறாக இருந்தது. மியூனிக் நகரின் ஒட்டோ காண்ட்லர் கலச்சுவர்களை ஆராய்பவர். பற்றீரியாக்களின் சுவருக்குரிய பெப்டிடோகிளைக்கன் மெதேனாக்கிகளில் இல்லை என்பதை அவர் தனியாகவே கண்டிருந்தார். மூலக்கூற்றுப் பட்டியலும் கலச்சுவரும் ஒரே விடையைத் தந்தபோது வோசின் கூற்றுக்கு வலிமை கூடியது. பின்னர் உப்புச்செறிவு மிகுந்த நீரில் வாழ்பவையும், சூடான அமிலநீரில் வாழும் சல்ஃபோலோபசும், பின்னர் ஆர்க்கியா என்று பெயர்பெற்ற இதே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. உப்பளப் பாத்திகளில் நீர் நன்றாக வற்றிச் செறியும்போது காணப்படும் இளஞ்சிவப்பு நிறத்துக்கு இந்த உப்புவிரும்பிகளும் ஒரு காரணம். கன்னியா வெந்நீரூற்றிலும் இவை இருக்குமா என்று என் மாணவர்கள் வழக்கமாகக் கேட்பார்கள். சல்ஃபோலோபஸ் வாழும் 70, 80 பாகை வெப்பமோ கடும் அமிலத்தன்மையோ நாம் நீராடும் அந்த ஏழு கிணறுகளில் இல்லை. ஆனால் மிதமான மண்ணிலும் கடல்நீரிலும்கூட வேறு ஆர்க்கியாக்கள் ஏராளமாக வாழ்வது பின்னர் அறியப்பட்டதால், அது நல்ல கேள்விதான்.

1990 இல் வோஸ், காண்ட்லர், மார்க் வீலிஸ் ஆகிய மூவரும் உயிரினங்களைப் பற்றீரியா, ஆர்க்கியா, இயூகரியா (நம்மைப் போலக் கருவுள்ள கலங்களாலானவை) என்ற மூன்று பேரிராச்சியங்களாகப் பிரித்தனர். நம் உயர்தரப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாகுபாடு இதுவே. 1998 இல் கூட எர்ன்ஸ்ட் மேயர் போன்ற பெரிய கூர்ப்பியல் அறிஞர் இதை ஏற்காமல் எழுதினார். வோஸ் பதில் எழுதினார். 2003 இல் கிராஃபோர்ட் பரிசு அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை.

அவர் வரைந்த மரமும் இன்று திருத்தப்பட்டு வருகிறது. வட அத்திலாந்திக் ஆழ்கடல் வண்டலில் கிடைத்த டி.என்.ஏ.யைக் கொண்டு 2015 இல் அறிவிக்கப்பட்ட லோக்கி ஆர்க்கியாக்கள், கருவுள்ள கலங்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட பல புரதங்களின் பரம்பரை அலகுகளைக் கொண்டிருந்தன. நம்முடைய கலங்கள் ஆர்க்கியாக்களின் ஒரு கிளையிலிருந்தே தோன்றின என்றும், ஆகவே அடிப்படைப் பிரிவுகள் இரண்டு மட்டுமே என்றும் ஆய்வாளர் பலர் இப்போது கருதுகின்றனர். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணங்கியை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழ்கடல் சேற்றிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்து 2020 இல் அறிவித்தார்கள். அதற்கு அவர்களுக்கு 12 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த மாணவிக்கு நான் சொன்ன நடைமுறை விடயங்களையும் எழுதிவிடுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்குமான துறை இருக்கிறது; பட்டத்துக்குப் பிறகு மேற்படிப்புக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. இரசாயனவியலையும் புள்ளிவிபரவியலையும் உயிரியலுக்கு நிகராகப் படிக்க வேண்டும், ஏனெனில் இன்றைய ஆய்வில் பாதி வேலை கணினியில் எழுத்துத் தொடர்களை ஒப்பிடுவதுதான். ஆய்வுக்கேள்வியைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. தொடர்ந்து நீர் நிறுத்திய வயலைவிட, இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும் வயலில் மெதேன் குறைவாக வெளியேறுகிறது என்பது பல நாடுகளில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நம் வயல்களின் சேற்றில், அப்படிக் காயவிடும்போது எந்த மெதேனாக்கிகள் ஒடுங்குகின்றன, எவை தாக்குப்பிடிக்கின்றன என்பதை வோஸ் தெரிந்தெடுத்த அதே 16எஸ் மூலக்கூறைக் கொண்டு ஓர் இளம் ஆய்வாளர் கண்டறியலாம்.