முதல் கட்டமா, இரண்டாவது கட்டமா

"காற்று சரியில்லாமல் இருந்திருந்தால் நான் குடுவையைத் திறந்தே இருக்க மாட்டேன்." இதைச் சொன்னவர் தென்துருவத்தில் அந்தக் காற்றைக் குடுவையில் பிடித்தவர்; அதன் அளவீட்டைச் சரிபார்த்துக் குறி போடுவது என் வேலை. அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தென்துருவத்தில் குளிர்காலத்தில் பிடித்த காற்று, விமானங்கள் மறுபடி வரத் தொடங்கும்வரை அங்கேயே காத்திருக்கும். அப்படி வந்த ஒரு ஜூலை ஜோடி அது. இரண்டு குடுவைகளும் ஒரே எண்ணைக் காட்டின, அதனால் ஒன்று மட்டும் கசிந்தது என்று சொல்ல வழியில்லை. காற்றுத் திசைப் பதிவும் அவர் எழுதிய தாளும் ஒத்துப்போயின.

ஆனால் எண் இடித்தது. லட்சம் கோடி மூலக்கூறில் சில பத்து மட்டும் இருக்க வேண்டிய புரோப்பேன் என்ற எரிவாயு, மூன்று மடங்கு இருந்தது. ஒவ்வொரு வாயுவின் அளவையும் ஒரு முகடாகக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தில் ஈத்தேனும் எத்திலீனும் வழக்கமான உயரத்தில் நிற்க, அடுத்து புரோப்பேன் மட்டும் ஊசிபோல் எழுந்திருந்தது. தொலைவிலிருந்து வந்த மாசு என்றால் காற்றில் அதைவிட நெடுநாள் தங்கும் ஈத்தேனும் கூடவே ஏறியிருக்கும். ஜெனரேட்டர் புகை என்றால் அதிலுள்ள எத்திலீன் காட்டிக்கொடுத்திருக்கும். பம்பு அல்லது குழாய்ப் பக்கம் ஏதோ எரிவாயு என்றுதான் எனக்குத் தோன்றியது.

பதிவில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் குறி போடக் கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் குறி போட்டால் அளவீடே தள்ளுபடி. இரண்டாவதில் போட்டால் அளவீடு சரி, ஆனால் அது பின்னணிக் காற்று, அதாவது எங்கும் நன்றாகக் கலந்த வழக்கமான காற்று, அல்ல. நான் முதலாவதில் போட்டேன். அவர் இரண்டாவதைக் கேட்டார்.

"அந்த வாயு குடுவைக்குள் இருந்தது உண்மைதானே?"

உண்மைதான். ஆனால் இரண்டாவது கட்டத்தைப் பார்க்கும் ஆய்வாளர், எங்கிருந்தோ வீசிய காற்று என்று எண்ணிக் காரணம் தேடக் கிளம்பிவிடுவார். அதைத் தடுப்பது என் வேலை என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், பெரும்பாலும்.

அப்புறம் இன்னொன்றும் உறுத்துகிறது: வழக்கத்துக்கு மாறானதையெல்லாம் தள்ளிக்கொண்டே போனால், வழக்கமே மாறும் நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? மைனஸ் 60 டிகிரிக் குளிரில் அவர் பட்ட பாடு ஆதாரம் ஆகாது, சரி. ஆனால் அவர் கவனமானவர் என்பது ஓர் ஆதாரம்தான். அதைப் பதிய எந்தக் கட்டமும் இல்லை.

எண்ணை அழிக்கவில்லை. குறியை என்றைக்கும் மாற்றலாம். அடுத்த குளிர்காலத்துக் குடுவைகளில் புரோப்பேன் சாதாரணமாக இருந்தது. முதலில் அது என் பக்கம் பேசுவதாகத் தோன்றியது. ஆனால் பிடித்தது அதே பம்பில், அதே குழாயில். கோளாறு அங்கே என்றால் அது எப்படித் தானாகச் சரியானது என்று அவர் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.