மட்டக்களப்பில் பன்றியும் பச்சை அப்பிளும்

மட்டக்களப்புக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் எழுதுவது பாடும் மீன், பாசிக்குடா, எருமைத் தயிர். நான் எழுதப்போவது பன்றி இறைச்சி. பிடிக்காதவர்கள் இந்த ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

கொழும்பு கோட்டையில் காலையில் ரயில் ஏறினால் மாகோ, கல்லோயா, பொலன்னறுவை என்று பகல் கரைந்துவிடும். மன்னம்பிட்டிப் பாலம் தாண்டி, புணானைக் காட்டுக்குள்ளால் போய், வாழைச்சேனை வரும்போதுதான் கிழக்கு மாகாணத்துக்குள் வந்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரியும். அக்காவைக் கட்டிக் கொடுத்தது மட்டக்களப்பின் கடலோரத்து டச்பார் பக்கம். அத்தானின் அம்மா, அதாவது எங்கள் மாமி, போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். தன் தங்கச்சியோடு போனில் கதைக்கும்போது மட்டும் மாமிக்குப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி வரும், எங்களோடு சுத்தமான மட்டக்களப்புத் தமிழ். 1628 இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் அந்தப் பேச்சு இன்னும் சில வீட்டுக் குசினிகளில் உயிரோடு இருக்கிறது. 2004 சுனாமியில் டச்பார் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மாமியின் வீடும் அதற்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளிக் கட்டியதுதான்.

அக்கா போனில் சொன்னது இதுதான்: "வரக்குள்ள பச்சை அப்பிள் கொஞ்சம் கொண்டு வா, நீ ஹோட்டல்ல செஞ்ச அந்தப் பண்டி இறைச்சிய இங்க செய்வோம்." கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த காலத்தில் பழகிய சாப்பாடு அது. இங்கிலாந்தில் சுட்ட பன்றியோடு அப்பிளை மசித்து வைப்பார்கள், பிரான்ஸின் நோர்மண்டிப் பக்கம் அப்பிள் மதுவை ஊற்றியே இறைச்சியை வேகவைப்பார்கள். அப்பிள் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அது சாதாரணம். நமக்கு அப்பிள் என்றால் ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போகும்போது நெஸ்டமோல்ட்டோடு சேர்த்து வாங்கும் சாமான். 2022 இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது அதுவும் எட்டாக்கனியாகி, நோயாளிகள் வாழைப்பழத்தோடு சமாளித்தார்கள்.

பச்சை அப்பிள் என்று அக்கா சொன்னதில் காரணம் இருக்கிறது. சிவப்பு அப்பிள் வெறும் இனிப்பு, சட்டியில் போட்டால் மாவாகக் குழைந்து கறியைப் பாயாசமாக்கிவிடும். பச்சையில் புளிப்பு இருக்கும். நாங்கள் வாங்குவது பெரும்பாலும் கிரானி ஸ்மித் வகை, 1868 அளவில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மாவின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்தது. பன்றிக் கொழுப்புக்குப் புளிப்பு வேண்டும், அது இல்லாவிட்டால் நாலாவது வாயோடு திகட்டிவிடும். நம்முடைய பன்றிக்கறிக்குள் கொறக்காய் போடுவதும், பறங்கியர் வீட்டில் வினாகிரி ஊற்றுவதும் அதற்குத்தானே? அப்பிளும் அந்த வேலையைத்தான் செய்கிறது, கூடவே கொஞ்சம் இனிப்பும் வாசமும் தருகிறது.

இறைச்சி எடுப்பதுதான் அலைச்சல். இங்கே பன்றி எல்லாக் கடையிலும் தொங்காது, தெரிந்த ஆளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அத்தான் விடியவே மோட்டார் சைக்கிளில் போய்த் தோள் பக்கத்தில் இரண்டு கிலோ கொண்டு வந்தார், தோலும் கொழுப்பும் சேர்ந்த நல்ல துண்டு. தொடை வேண்டாம், வரண்டுவிடும். தோள் இறைச்சி முதலில் செருப்புப் போல இருக்கும், ஆனால் மெல்லிய நெருப்பில் நேரம் கொடுத்தால் உள்ளே இருக்கிற சவ்வெல்லாம் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். அவசரக்காரர்கள் கோழி வாங்கலாம்.

செய்த விதம் இது. பெரிய துண்டுகளாக வெட்டி, உப்பும் இடித்த மிளகும் பூசி ஒரு மணித்தியாலம் வைத்தேன். அடிகனமான சட்டியில் எண்ணெய் விடாமல், கொழுப்புப் பக்கத்தைக் கீழே வைத்துச் சிவக்க விட்டால் அதுவே எண்ணெய் விடும். துண்டுகளை எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பில் நாலு பெரிய வெங்காயம், ஒரு முழு உள்ளி, கறுவாப்பட்டை, நாலைந்து கராம்பு. ரம்பை இலையும் போட்டேன், நோர்மண்டிக்காரன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். வெங்காயம் பொன்னிறமானதும் தென்னை வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி, இறைச்சி, பாதி மூழ்க வெந்நீர். நாலு அப்பிளில் இரண்டைத் தோல் சீவி அப்போதே போட்டேன், அது கரைந்து குழம்பாகிவிடும். மற்ற இரண்டையும் பிளந்து, கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போட்டு வைத்து, இறக்குவதற்கு இருபது நிமிசம் இருக்கும்போது சேர்த்தேன். மூடிபோட்டு மொத்தமாக இரண்டு மணித்தியாலம். இறைச்சி கரண்டி பட்டாலே பிரிய வேண்டும், உள்ளே சிவப்பு எங்கேயும் இருக்கக்கூடாது, பன்றியில் அந்த விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாமி மூன்று முறை வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "தூள் போடலியா மனே? கொறக்காயாச்சும் ஒண்டு போடு."

"வேண்டாம் மாமி, இரண்டு புளி ஒரு சட்டிக்குள் சண்டை பிடிக்கும்."

"அப்ப இது நோயாளிக்கறிதான்" என்று சொல்லிவிட்டு அம்மியடிக்குப் போய், செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் வைத்துச் சம்பல் அரைக்கத் தொடங்கினார். இறைச்சிக்குள் தூள் போட்டிருந்தால் அப்பிள் போட்டதே தெரியாமல் போயிருக்கும், அதனால்தான் நான் அசையவில்லை. ஆனால் பக்கத்தில் அந்தச் சம்பல் இல்லாமல் இந்தச் சாப்பாடு மட்டக்களப்பில் முழுமையாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இறைச்சி வேகிற நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்துக்கு நடந்தோம். 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் இப்போது நடக்கிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும்தான், வாகனமெல்லாம் பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தில். மீன் பாடியதா என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மீன் பாடினாலும் கேட்டிருக்காது.

இரவு பாணும் சோறும் இரண்டும் வைத்தார்கள். என் கருத்தில் பாண்தான் சரி, அந்தக் குழம்பை ஒற்றி எடுக்க ரோஸ் பாணைப் போல வேறொன்று இல்லை. பிள்ளைகள் இறைச்சியை ஒதுக்கி அப்பிள் துண்டுகளைத் தேடித்தேடி எடுத்தார்கள், அத்தான் தோல் துண்டுகளைத் தனியாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மாமி சம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் வாங்கினார், கருத்து ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும்.

மறுநாள் காலையில் எழும்பினால் குசினியில் வறுத்த தூள் வாசம். மிச்சத்தை மாமி சட்டியில் போட்டு, உறைந்த கொழுப்பை வழித்து எடுத்துவிட்டு, மிளகாய்த்தூளும் கொறக்காயும் போட்டு நன்றாகச் சுண்ட வைத்திருந்தார். "இப்பதான் கறி" என்றார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, வழிக்குக் கட்டித் தரச் சொன்னேன்.