நாற்காலிக்குத் தனிக் காசு

அக்டோபர் 3, 2025 – ரோம்

அறை வாடகையும் ரயில் டிக்கெட்டும் ஊரிலேயே கட்டியாகிவிட்டன. சாப்பாடு, பஸ், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 70 யூரோ என்பது அக்கா போட்ட கணக்கு. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். உண்மை விலை அதைத் தாண்டிவிட்டது; வயிற்றெரிச்சல் குறையட்டும் என்று இந்தச் சலுகை.

சாவியைத் தரும் முன்பே விடுதியில் நகர வரி கேட்டார்கள். மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு இரவுக்கு 6 யூரோ. மூன்று இரவுக்கு இருவருக்கும் 36. அக்கா இதற்கென்றே தனி உறை வைத்திருந்தாள்.

அக்டோபர் 4

இங்கே காபிக்கு இரண்டு விலை. கடை கவுன்ட்டர் அருகே நின்று குடித்தால் ஒன்று, மேசையில் அமர்ந்தால் வேறு. இரண்டும் சுவர்ப் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன. நின்றுகொண்டு இருவரும் 2.60 யூரோவில் முடித்தோம். சதுக்கத்து நாற்காலியில் அதே காபி ஒன்றே 4.50.

தண்ணீருக்குச் செலவே இல்லை. தெருவெங்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓயாமல் ஓடுகின்றன. வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் வில்லாக எழும்புகிறது, குனியாமல் குடிக்கலாம். அக்கா முதல் முயற்சியிலேயே என் சட்டையை நனைத்துவிட்டாள்.

அக்டோபர் 5

மாதத்தின் முதல் ஞாயிறு. அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் தலங்களும் இலவசம். கொலோசியத்தில் ஆளுக்கு 18 யூரோ மிச்சம் என்று அக்கா விடியற்காலையே கிளப்பினாள். வரிசையின் வால் எங்கே என்றே தெரியவில்லை. அரை நாளைக் கொடுத்து 36 யூரோ மீட்பது எனக்கு லாபமாகப் படவில்லை. "நீ சம்பாதிக்கும்போது அப்படிப் பேசு" என்றாள். நான் எட்டு வருடமாக வேலையில் இருக்கிறேன். கடைசியில் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குப் போனோம். 5 யூரோ டிக்கெட் இன்று அங்கேயும் தேவைப்படவில்லை.

அக்டோபர் 7 – வியன்னா

இரவு ரயில் ஒரு நாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்தியது. முதுகுதான் அதற்கு ஈடு கொடுத்தது. 24 மணி நேரப் பயணச்சீட்டுக்கு ஆளுக்கு 8 யூரோ கொடுத்தோம். முதல் முறை ஏறும்போதே முத்திரை குத்திவிட வேண்டும். பரிசோதகரிடம் சாக்குப்போக்கு செல்லாது.

ரோமின் கணக்கு இங்கே தலைகீழ். காபி 6 யூரோ. வெள்ளித்தட்டில், ஒரு குவளைத் தண்ணீரோடு வருகிறது. அதன்பின் இரண்டு மணி நேரம் நாளிதழ் புரட்டினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. காபி விலையிலேயே நாற்காலி வாடகையும் அடக்கம். அக்கா மூன்று நாள் செலவையும் அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்தாள். அந்த 6 யூரோவை 'அலுவலகச் செலவு' என்று குறித்திருக்கிறாள்.

அக்டோபர் 9 – பிராக்

இங்கே யூரோ இல்லை, கொருனா. ஏடிஎம் இயந்திரம் பணம் தருவதற்கு முன், தொகையை நம் கார்டின் நாணயத்திலேயே கணக்கிடட்டுமா என்று பவ்யமாகக் கேட்கும். வேண்டாம் என்று மறுத்து, கொருனாவிலேயே கழிக்கச் சொல்ல வேண்டும். இயந்திரம் தன் விருப்பத்துக்கு மாற்றினால் நட்டம் நமக்குத்தான். பணமாற்றுக் கடையில் ஏமாந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு: 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யச் செக் நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ரசீதைத் தூக்கி எறியக் கூடாது.

நாளை கிளம்புகிறோம். சில்லறைக் கொருனாவை ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். இரவு உணவை அதற்குத் தோதாகத் தேர்ந்தெடுக்க அக்கா உணவுப் பட்டியலைப் பேனாவோடு படித்துக்கொண்டிருக்கிறாள். பசி எனக்கு.