ஈகோபாத் வைவா முடிஞ்சுது: நான் வழுக்குன இடம்

முந்தாநேத்து ரிசல்ட் வந்துச்சு, பாஸ். ஆனா மாடலிங்ல மட்டும் மார்க் பார்டர்ல தொங்குது, அதைப் பார்க்கிறப்ப இன்னமும் கடுப்பாத்தான் இருக்கு. ஈகோபாத் (கடல்ல எது எதை எவ்வளவு தின்னுதுன்னு கணக்குப் போடுற மாடலிங் சாப்ட்வேர்) வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, எங்க மாட்டினேன்னு ஜூனியர்ஸ் நாலஞ்சு பேர் கேட்டீங்க, அதான் எழுதுறேன். சாப்ட்வேர் இன்ஸ்டால் பண்றது, ரிப்போர்ட் ஃபார்மேட் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுர்றேன்.

என் மாடல் மன்னார் வளைகுடா. பேலன்ஸ் பண்ணப்போ காரல் மீனோட ஈஈ (வருஷ உற்பத்தியில எத்தனை பங்கு தின்னப்பட்டோ பிடிபட்டோ போகுதுங்கிற எண்) ஒன்னுக்கு மேல போய் நின்னுச்சு, அதாவது கடல்ல வளர்ற காரலை விட செத்துப்போற காரல் அதிகம்னு மாடல் சொல்லுது. நான் என்ன பண்ணேன்னா பயோமாஸ் (கடல்ல இருக்கிற மீனோட மொத்த எடை) கட்டத்தைக் காலியா விட்டுட்டு ஈஈக்கு 0.95 போட்டேன், அதுவே பயோமாஸை கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு, சிவப்புல காட்டின தப்பு போயிருச்சு, நிம்மதியா தூங்குனேன். வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இதுல ஒரே கேள்விதான் கேட்டாரு: "தம்பி, இவ்வளவு காரல் அங்க இருக்குன்னு யாரு சொன்னா?" எனக்கு வாயே வரல.

வீட்டுக்கு வந்து நோட்டுல போட்டுப் பார்த்தேன். கணக்கு புரியணும்னு ரவுண்டு நம்பரா சொல்றேன். காரல் சதுர கிலோமீட்டருக்கு 2 டன், பி பை பி (எடையைப் போல எத்தனை மடங்கு வருஷ உற்பத்தி) 3, அப்ப வருஷ உற்பத்தி 6 டன். கணவாய் 1 டன் இருக்கு, கியூ பை பி (எடையைப் போல எத்தனை மடங்கு வருஷத் தீனி) 15, சாப்பாட்டுல 30% காரல்னா அதுவே 4.5 டன் தின்னுடும். பாறை மீன் தின்றது 1.92, வலையில வர்றது 1.5. மொத்தம் 7.92, ஈஈ 1.32. இப்ப அந்த 30%ஐ 15% ஆக்குங்க, ஈஈ 0.945க்கு வந்துரும். பயோமாஸைத் தொடவே வேணாம்!

சரி, அந்த 30% எங்கேருந்து வந்துச்சு? நான் எடுத்த பேப்பர்ல இருந்தது நூறு வயித்தை வெட்டினா முப்பதுல காரல் இருந்துச்சுங்கிற கணக்கு. ஈகோபாத்தோட டயட் மேட்ரிக்ஸ் (யாரு எதை எவ்வளவு தின்றாங்கங்கிற டேபிள்) கேக்கிறது சாப்பாட்டு எடையில எத்தனை பங்குன்னு. ரெண்டும் ஒன்னா? டேபிள் தலைப்பை முழுசா படிக்காம காப்பி பண்ணேன், அவ்வளவுதான். ஆறு மாச வேலை அந்த ஒரு தலைப்புல போச்சு. அதனால வேற எது செய்யாட்டியும் டயட் டேபிள் தலைப்பை மூணு தடவை படிங்க, ப்ளீஸ்.

மத்தபடி:

- ஏரியா. மீன் பிடிப்பை 560 சதுர கிலோமீட்டரால வகுத்தா தேசியப் பூங்கா, 10,500ஆல வகுத்தா மொத்த உயிர்க்கோளக் காப்பகம். கிட்டத்தட்ட 19 மடங்கு வித்தியாசம். படகு எங்கேருந்து பிடிச்சுட்டு வந்துச்சுன்னு பார்த்துட்டு வகுங்க.
- பி பை பி, கியூ பை பி ரெண்டும் வருஷக் கணக்கு. உற்பத்தியை தீனியால வகுத்தா பெரும்பாலான மீனுக்கு 0.1லேருந்து 0.3க்குள்ள வரணும், வரலைன்னா அங்கயே நில்லுங்க.
- மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு பிடிப்போட மாச சராசரியை 12ஆல பெருக்குற ஆளுங்க இருக்காங்க (என் ரூம்மேட்).
- ஈகோசிம்ல (மாடலை வருஷக்கணக்கா ஓட்டிப் பார்க்கிற பகுதி) வல்னரபிலிட்டி, அதாவது இரை தின்றவன்கிட்ட எவ்வளவு மாட்டுங்கிற எண், எல்லாத்துக்கும் 2ன்னு டீஃபால்ட்ல வரும். அதை அப்படியே விட்டீங்கன்னா ஏன்னு கேப்பாங்க.
- ஈகோபாத்தை முதல்ல யாரு, எப்ப, எங்க பண்ணாங்கன்னு ஹிஸ்டரி கேள்வி வரும். 1984, பொலொவினா, ஹவாய் பக்கம் ஃப்ரெஞ்ச் ஃப்ரிகேட் ஷோல்ஸ். எனக்கு வந்துச்சு, அதுக்கு மட்டும் டக்குனு சொன்னேன்.

எனக்கு ஸ்கிரீன்ல பார்த்தா மண்டையில ஏறாது, பேப்பர்ல கோடு போட்டு எழுதினாத்தான் ஏறும். அதனால சொல்றேன், பெரிய தீனிக்காரங்க நாலஞ்சு பேருக்காவது "எத்தனை டன் தின்னுது"ன்னு கையால போட்டுப் பாருங்க. பாக்குறதுக்கு கொஞ்சம் இருந்தாலும் நிறைய தின்ற கணவாய் மாதிரி ஆளுங்கதான் மாட்டிவிடுவாங்க. சுறாவை நோண்டிக்கிட்டு நான் ரெண்டு வாரம் வீணாக்குனேன்.

என் டயட் ஷீட் திருத்தினது இருக்கு, வேணுங்கிறவங்க கேளுங்க. அப்படியே காப்பி மட்டும் பண்ணாதீங்க, அதுல இன்னும் ரெண்டு காலம் (column) எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு.