ஹாம் ரேடியோ தேர்வில் கேபிள் பகுதியை நான் படித்த விதம்

அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்குப் படித்தபோது, ஆன்டெனாவையும் கேபிளையும் டிரான்ஸ்மிட்டருடன் பொருத்தும் பகுதியில்தான் மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து மதிப்பெண் இழந்தேன். சூத்திரங்கள் எல்லாம் மனப்பாடம். எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்பதைக் காட்டும் நிலையலை விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 என்றால் எதிரொளிப்புக் குணகம் (போகும் அலையின் மின்னழுத்தத்தில் திரும்பி வரும் பங்கு) மூன்றில் ஒன்று, ஆகவே திரும்பி வரும் திறன் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 11 சதவீதம் என்று உடனே சொல்லிவிடுவேன். ஆனால், டிரான்ஸ்மிட்டருக்கு அருகில் உள்ள, பொருத்தத்தைச் சரிசெய்யும் கருவியான டியூனரைத் திருகி மீட்டரில் 1 வரவழைத்த பிறகு, டியூனருக்கும் ஆன்டெனாவுக்கும் இடைப்பட்ட கேபிளில் அந்த விகிதம் என்னவாக இருக்கும் என்ற வினாவுக்கும் 1 என்றே எழுதினேன். அது தவறு. டியூனர் டிரான்ஸ்மிட்டரின் கண்ணுக்கு அது எதிர்பார்க்கும் 50 ஓம் தெரியும்படி செய்கிறதே தவிர, கேபிளின் மறுமுனையில் இருக்கும் பொருந்தாமையை மாற்றுவதில்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு பழைய, நீளமான கோஆக்சியல் கேபிளால்தான். அதன் ஒரு முனையில் எதையும் இணைக்காமல், மறுமுனையில் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் ஆன்டெனா அனலைசரைப் பொருத்திப் பார்த்தேன். திறந்த முனை முழுவதையும் திருப்பி அனுப்பும் என்பதால் அளவு எல்லையின்றி எகிறும் என்று எதிர்பார்த்தேன்; முள் ஏறக்குறைய 3இல் நின்றுவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் எளிது: ஒரு வழியில் 3 டெசிபல் இழப்புள்ள கேபிளில் போகும்போது பாதி, திரும்பும்போது அதிலும் பாதி கரைந்து, கால் பங்கு திறனே மீட்டரை வந்தடைகிறது, குணகம் 0.5, விகிதம் 3. கேபிள் மோசமாக இருந்தால் ஆன்டெனா நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பதை எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை. அன்று முதல் ஒவ்வொரு வினாவிலும், அளவு எந்த முனையில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் அடிக்கோடிட்டேன்.

கால் அலை நீளக் கேபிளைக் கொண்டு பொருத்தும் கணக்குகளில், இரு பக்கத்து மின்மறுப்புகளின் (மாறுமின்னோட்டத்துக்கான தடை, ஓமில்) பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுப்பதை யாரும் மறப்பதில்லை. 100 ஓம் ஆன்டெனாவை 50 ஓமுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 71 ஓம் வேண்டும், அதற்கு 75 ஓம் கேபிள் போதும். வழுக்குமிடம் நீளம்தான். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு வெற்றிடத்தில் கால் அலை 5.28 மீட்டர் என்றாலும், வேகக் காரணி (வெற்றிடத்து வேகத்தில் கேபிளுக்குள் அலை செல்லும் பங்கு) 0.66 உள்ள கேபிளை சுமார் 3.5 மீட்டருக்கே வெட்ட வேண்டும். அதே பழக்கத்தில் டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கப்படும் அரை அலை நீள ஆன்டெனா) கம்பியின் நீளத்தையும் 0.66 ஆல் பெருக்கிவிடாதீர்கள். கம்பிக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தாலே போதும், 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 20 மீட்டர்.