கை நீளம்

பிப்ரவரி 12, 2025, புதன்

இடது கண்ணில் ஆபரேஷன் செய்து உள்ளே வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள். அதற்காகக் குனிந்தபடியே எழுதுகிறேன். ஐம்பது நிமிடம் குனிவு, பத்து நிமிடம் நிமிர்வு. சாப்பாடு, குளியல், சண்டை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள்.

பிப்ரவரி 13

இரண்டு கண்ணாலும் கடைசியாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை சூப்பர் பவுல், அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம்தான். அதிலும் பாதியிலேயே இடது ஓரத்தில் மின்னத் தொடங்கிவிட்டது. டிவியில் ஏதோ கோளாறு என்று ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், முட்டாள்.

அந்த ஆட்டம் மனதை விட்டுப் போகவில்லை. ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவர், மஹோம்ஸ். அவரை ஆறு முறை சாக் செய்தார்கள், எறியும் முன்பே தரையில் வீழ்த்தினார்கள். கூடுதல் ஆளை அனுப்பி ஒரு பிளிட்ஸ்கூட இல்லை. முன்வரிசையில் நின்ற நாலு பேரே போதுமாக இருந்தது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் இடது கோடியில், லெஃப்ட் டேக்கிளாக, சீஃப்ஸுக்கு நின்றவர் ஜோ தூனி. அவர் பிறவி கார்டு, டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர். நம் ஊர் அணி பேட்ரியட்ஸ் 2016 டிராஃப்டில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் இடத்தில், மூன்றாவது சுற்றில் எடுத்து வளர்த்த ஆள். டேக்கிளுக்கு ஆள் அமையவில்லை என்று டிசம்பரில் அவரை ஒரு இடம் தள்ளி நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு இடம். கார்டுக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. டேக்கிளுக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. வலக்கைக்காரக் குவார்ட்டர்பேக்குக்கு அந்தப் பக்கம்தான் கண் தெரியாது.

எதிர் அணியின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா. 2018இல் ஏழாவது சுற்று, 233ஆவது ஆள். அதுவரை இந்த ஆட்டத்தை ஒரு நாள்கூட ஆடியதில்லை, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். எதைப் பார்த்து எடுத்தார்கள்? எடுக்காமல் விட்ட மற்றவர்கள் எதைப் பார்த்து விட்டார்கள்?

பிப்ரவரி 15

எங்கள் கார்பெட்டில் ஐந்து பழுப்பு நிறங்கள் இருக்கின்றன.

பிப்ரவரி 20

நிமிரலாம் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வலது கண் போதும், வீடியோ பார்க்க.

நம்மவர்கள் போன சீசனில் 4 ஜெயித்து 13 தோற்றார்கள். அதன் கூலி டிராஃப்டில் நான்காவது இடம். நம் குவார்ட்டர்பேக் டிரேக் மே என்ற சின்னப் பையனை, களமிறங்கிய நாளிலிருந்து தரையில் கிடக்கப் பார்த்தாயிற்று. ஆகவே எங்கள் ஊர் ஃப்ராமிங்ஹாமில் பால் வாங்கப் போனாலும் ஒரே பேச்சு: லெஃப்ட் டேக்கிள். எல்எஸ்யூ கல்லூரியின் வில் கேம்பெல். முதல் வருடத்திலிருந்து மூன்று வருடமும் அதே இடத்தில் நின்ற பையன்.

லைன்மேனை, அந்தக் காவல் வரிசையில் நிற்பவனை, பார்ப்பது தனி வேலை. பந்தைப் பார்க்கவே கூடாது. கேமரா பந்தின் பின்னால் ஓடும், நமக்கு வேண்டிய ஆள் இரண்டு மூன்று நொடியில் திரைக்கு வெளியே போய்விடுவான். அதனால் நிறுத்து, திருப்பு, மறுபடி ஓட விடு. ஒரு ஸ்னாப்புக்கு, பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும், நாலு தடவை. முதல் தடவை கால் மட்டும். இடது கால் பின்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வலது கால் அதைத் தொடர வேண்டும். ஆனால் குதிகாலும் குதிகாலும் ஒட்டிவிட்டால் ஒரு தள்ளில் விழுவான். இரண்டாம் தடவை இடுப்பு: எதிராளி நேராக முட்டும்போது உட்காருகிறதா, நிமிர்கிறதா. மூன்றாவது கை. நாலாவது தலை. தலை முன்னால் போனால் உடம்பும் போகும், கெட்டிக்காரன் அந்த நொடியில் உள்பக்கம் புகுந்துவிடுவான்.

கேம்பெலுக்குக் கால் பிரமாதம். அந்தப் பருமனில் அப்படி ஒரு கால் வருடத்துக்கு இரண்டு பேரிடம் இருந்தால் அதிகம். குறை தலையில். அவசரப்பட்டு இடுப்பை வளைத்துப் பாய்கிறான். எல்லா ஸ்னாப்பிலும் இல்லை. ஆனால் இருக்கிறது.

ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ஒன்று மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. கை மார்பில் பட்டுவிட்டதா, இன்னும் பட வேண்டியிருக்கிறதா? ஆழம் போய்விட்டது. காபி டம்ளரை வைக்கப் போய் மேசைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 24

அம்மா விழுந்துவிட்டாள். கொல்லைப்படி. இடுப்பு. அக்கா அழாமல் பேசினாள், அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 25

மணிக்கட்டில் பச்சைப் பட்டை. குமிழி கரையும் வரை அதை அவிழ்க்கக் கூடாது, விமானமும் ஏறக் கூடாது. மேலே போனால் வாயு விரியுமாம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறுமாம். எப்போது கரையும்? ஏப்ரல் ஆகலாம். ஏப்ரலில் எப்போது? ஃபோனில் இருந்த பெண் பொறுமையாக, "ஆளுக்கு ஆள் மாறும்" என்றாள்.

பாஸ்டனிலிருந்து கப்பலில் போனால் எத்தனை நாள் என்று தேடிப் பார்த்தேன். மனைவிக்குத் தெரிய வேண்டாம்.

பிப்ரவரி 27

கும்பகோணத்தில் ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் காபி கேட்டாளாம். கொடுக்கவில்லையாம். திட்டினாளாம்.

நல்லது.

மார்ச் 2, ஞாயிறு

இண்டியானாபொலிஸ். டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களை அளந்து, ஓடவிட்டுப் பார்க்கும் முகாம். இன்று லைன்மேன்களின் நாள். கேம்பெல் உயரம் 6 அடி 6 அங்குலம், எடை 319 பவுண்டு, நாற்பது கஜத்தை 4.98 நொடியில் ஓடினான். மூன்று மூட்டை அரிசியைச் சுமந்தவன் மாதிரி இருப்பவன் ஓடிய ஓட்டம் அது. மிசோரியின் அர்மாண்ட் மெம்பு 332 பவுண்டை வைத்துக்கொண்டு 4.91. வாய் பிளந்து பார்த்தேன்.

ஆனால் ஓட்டத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கேம்பெலின் கை 32 5/8 அங்குலம். டேக்கிளுக்கு 33 வேண்டும் என்பது எழுதாத சட்டம், 34 கேட்பவர்களும் உண்டு. காலை அளவு வெளிவந்தது, மதியத்துக்குள் பையனைக் கார்டு ஆக்கிவிட்டார்கள். மூன்று வருடம் ஆடியதை ஒரு டேப் அழித்துவிட்டது.

கை நீளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து வருபவன் ஒற்றைக் கையை நீட்டி நெஞ்சில் ஊன்றிவிட்டால், கை குட்டையானவன் காற்றில்தான் துழாவ வேண்டும். யார் கை முதலில் உட்காருகிறதோ அவன் அந்தச் சண்டையை நடத்துகிறான். சரி. ஆனால் கால் அரை அடி முன்னால் போய் நின்றுகொண்டால் குறைகிற இந்த 3/8 இஞ்ச் எங்கே வரும்?

மார்ச் 3

தூக்கம் இல்லை. 32 5/8.

அப்பா இருந்தால் முப்பத்திரண்டரையே அரைக்கால் என்பார். அவருடைய கணக்கு முழுக்க அரைக்கால் (எட்டில் ஒன்று), காலே அரைக்கால் (எட்டில் மூன்று)தான். அளவு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவர் துணியிலிருந்து ஒரு துண்டு குத்தியிருக்கும். முழுக்கைச் சட்டைக்கு அளவெடுக்கும்போது டேப்பைத் தோளில் வைத்துவிட்டு உடனே படிக்க மாட்டார். "பையன் எந்த கிளாஸ்?" என்று கேட்பார். வந்தவர் பதில் சொல்ல ஆரம்பித்ததும் தோள் தானாக இறங்கும். அப்போது படிப்பார். அளவெடுக்கிறோம் என்று தெரிந்தால் மனுஷன் விறைப்பான், விறைத்தால் அரை இஞ்ச் பொய் என்பார். தோள் எலும்பின் முனையைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடிப்பார். சிலருக்கு அது சட்டென்று அகப்படாது.

இண்டியானாபொலிஸிலும் அதே எலும்புதான். அங்கிருந்து நடுவிரல் நுனி வரை. பையனிடம் யாராவது ஏதாவது விசாரித்தார்களா?

மார்ச் 5

யாரும் கால் நீளம் அளக்கவில்லை.

மார்ச் 13

நம்மவர்கள் மோர்கன் மோசஸை எடுத்துவிட்டார்கள். ரைட் டேக்கிள், வயது 34. அப்படியானால் இடது பக்கம் காலி என்று ஊருக்கே சொல்லியாயிற்று.

மார்ச் 16

அம்மாவோடு நாற்பது நிமிடம். அக்கா ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், எனக்கு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

பகலெல்லாம் என்னடா பண்றே என்றாள். சொன்னேன். பந்தை ஒரு தடவைகூடத் தொடாத ஆளுக்கு இத்தனை கோடியா என்று கேட்டாள். தொடக் கூடாதும்மா, தொடுறவன் மேல யாரும் விழாம பாத்துக்கணும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "உங்கப்பா பண்ண வேலை" என்றாள். எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

அந்தப் பையனுக்குக் கை நீளம் போதவில்லை என்று குறை சொல்கிறார்கள் என்றேன். "கை நீளமா இருந்தாத்தானேடா குத்தம்?" என்று சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்துவிட்டது. அக்கா ஓடி வந்து என்னைத் திட்டினாள்.

மார்ச் 19

கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது. இன்னொரு சொட்டு மருந்து. ஒரு நாளைக்கு மொத்தம் பதினொரு சொட்டு.

இந்தத் தடவை டிராஃப்ட் நடப்பது கிரீன் பேயில். 1989இல் அதே கிரீன் பே அணி இரண்டாவது ஆளாக டோனி மாண்டரிச் என்ற டேக்கிளை எடுத்தது. கல்லூரியில் எதிராளிகளைச் சாக்கு மூட்டை மாதிரி உருட்டிவிட்டவன். அளவு, ஓட்டம், தசை, எதிலும் குறை சொல்ல இடமில்லை. அவனுக்குப் பின்னால் வரிசையாக எடுக்கப்பட்டவர்கள்: பாரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ். மூன்று பேரும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த ஜாம்பவான்கள். மாண்டரிச் கிரீன் பேயில் ஒன்றுமில்லாமல் போனான். ஸ்டீராய்டு என்று பல வருடம் கழித்துத் தானே ஒப்புக்கொண்டான். அத்தனை பேர் பார்த்தார்கள். இரண்டு கண்ணோடு.

இன்று எதுவும் பிடிக்கவில்லை.

மார்ச் 26

எல்எஸ்யூ ப்ரோ டே, கல்லூரியிலேயே அணிகளுக்கு ஆடிக்காட்டும் நாள். மறுபடி அளந்தார்கள். 33!

மூன்றரை வாரத்தில் காலே அரைக்கால் இஞ்ச் வளர்ந்திருக்கிறான். அவனுடைய சொந்த வளாகம், தெரிந்த முகங்கள், தோள் இறங்கியிருக்கும். அல்லது டேப் பிடித்தவர் நம்மூர் பூக்காரிக்கு நேர் எதிராக முழம் போட்டாரோ என்னவோ. இரண்டு அளவும் உண்மைதான் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்பாவிடம் கேட்டால் பெரிய அளவுக்குத் துணி வெட்டு, மடித்துக்கொள்ளலாம் என்பார்.

ஜோ தாமஸின் கை 32 1/2. கிளீவ்லேண்டுக்கு லெஃப்ட் டேக்கிளாக இறங்கித் தொடர்ந்து 10,363 ஸ்னாப், ஒன்றுகூடத் தவறாமல். கடைசியில் அவரை நிறுத்தியதும் கைதான், ஆனால் நீளம் இல்லை, டிரைசெப்ஸ் கிழிந்துவிட்டது. இப்போது ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அவரைச் சொன்னால் "அவர் விதிவிலக்கு" என்று வாயடைக்கிறார்கள். நாலாவது இடத்தில் வேறு யாரைத் தேடுவதாம்?

ஏப்ரல் 3

குமிழிக்கு இப்போது ஒரு கோடு வந்திருக்கிறது. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதுபோல, தலையைச் சாய்த்தால் அதுவும் ஆடி நேராகிறது. கோட்டுக்கு மேலே உலகம், கீழே கலங்கல். நேற்று மூக்கு நுனி அளவில் இருந்தது, இன்று இன்னும் கீழே.

ஏப்ரல் 9

வாரம் முழுக்க மெம்பு. கேம்பெலை ஜெட்ஸ் அணியோ வேறு யாரோ வரிசையில் முன்னேறிக் கொத்திக்கொண்டு போனால் என்ன செய்வது என்ற பயத்தில் ஆரம்பித்தது. மிசோரியின் ஆட்டம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். திரையின் வலது பாதியை மட்டும். ஏனென்றால் அவன் ரைட் டேக்கிள், அந்தப் பக்கமே பழகியவன். ஓட்ட ஆட்டத்தில் எதிராளியை அவன் நகர்த்துவதைப் பார்த்தால் பீரோவை இடம் மாற்றுவதுபோல இருக்கிறது. கை 33 1/2, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் இடது பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ்: எந்தக் கால் பின்னால், எந்தக் கை முதலில். இடது கையால் சாப்பிடச் சொல்வதுபோல. பழகிவிடலாம்தான், ஆனால் பழகும்வரை மேயைக் காப்பது யார்?

எனக்கு கேம்பெல்தான். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 15

அம்மா வாக்கர் பிடித்து வாசல்வரை நடந்தாளாம். எப்படா வர்றே என்றாள். 24ஆம் தேதிக்கு அப்புறம் என்று வாய் வந்துவிட்டது. "24ஆம் தேதி என்ன? டாக்டர் 22ன்னுதானே சொன்னே?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 22

குமிழி இல்லை. கடைசி இரண்டு நாள் கடுகு அளவில் உருண்டுகொண்டிருந்தது, பிறகு காணோம். டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்து, பறக்கலாம் என்றார். பட்டையைச் சமையலறைக் கத்தரியால் மனைவி வெட்டினாள். டிக்கெட் 29க்கு.

நேர்க்கோடுகள் இடது கண்ணில் நெளிகின்றன. போகப் போகச் சரியாகும், முழுக்க ஆகாமலும் இருக்கலாம்.

ஏப்ரல் 24

டிராஃப்ட். முதலில் கேம் வார்ட். டிராவிஸ் ஹண்டர், ஜாகுவார்ஸ் அணி வரிசையில் மேலேறி வந்து எடுத்தது. அப்துல் கார்டர். நாலாவது, வில் கேம்பெல்!

கத்திவிட்டேன் போல, மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பையன் அழுதுகொண்டே மேடைக்கு வந்தான், லீக் ஆணையரைக் கட்டிப் பிடித்தான். என் இடது கண்ணில் மேடையே அலையடித்தது. மனைவி லாண்டரியை மடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏங்க, அந்தாளைச் சுத்தி வளைச்சு முதுகுல கை கோத்துட்டானே, இதுலயா குட்டைன்னீங்க?" என்றாள்.

மெம்பு ஏழாவதாக ஜெட்ஸுக்குப் போனான். இனி வருடத்துக்கு இரண்டு தடவை எதிரில் நிற்பான்.

ஏப்ரல் 26, சனி

பெட்டி கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது சுற்று, 220ஆவது ஆளாக நம்மவர்கள் இன்னொரு டேக்கிள் எடுத்தார்கள். மார்கஸ் பிரையன்ட். மிசோரி.

மிசோரியா?

லெஃப்ட் டேக்கிள். மெம்புக்காக வாரம் முழுக்கப் போட்ட வீடியோக்களில் திரையின் இடது பக்கம் நின்றவன். முகம் கிடக்கட்டும், நம்பர்கூட நினைவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆட்டத்திலிருந்து மறுபடி போட்டிருக்கிறேன்.