ஹேஸ்ப்ராவிலிருந்து ஓர் அழைப்பு

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் செவிலியர் குழு எங்களுடையது. காலையில் முதல் இரண்டு மணி நேரம் தொலைபேசி என் பொறுப்பு. ஒருநாள் வயதான ஒரு பெண்மணி அழைத்தார். கணவருக்குப் போட்டிருக்கும் கத்தீட்டர், அதாவது சிறுநீர் வெளியேற்றும் குழாய், அடைத்துக்கொண்டது, வலியில் துடிக்கிறார், யாரையாவது அனுப்புங்கள் என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். "ஹேஸ்ப்ரா" என்றார். சரி என்று காதில் விழுந்தபடி குறித்துக்கொண்டேன். பதற்றத்தில் அவர் போனை வைத்துவிட்டார்.

கணினியில் தேடினால் அப்படி ஓர் ஊரே இல்லை. எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்து உள்ளே வந்த எழுத்தர் இந்தப் பக்கத்துக்காரர். ஒரே நொடியில் புரிந்துகொண்டு பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தால் அது 'ஹாப்பிஸ்பர்க்'. தினமும் நோயாளிகள் பட்டியலில் நான் பார்த்த பெயர்தான். அந்த எழுத்தும் இந்த ஒலியும் ஒரே ஊர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. செவிலியர் போய்க் குழாயை மாற்றினார், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த இருபது நிமிடமும் அவர் வலியோடு கிடந்தார் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் ஆங்கில எழுத்து, வலப்பக்கம் ஊர்க்காரர்கள் சொல்லும் ஒலி, தமிழில். வைமண்ட்ஹாம் என்று நான் படித்துக்கொண்டிருந்தது 'விண்டம்'. காஸ்டெஸி, 'காஸி'. டகோல்னெஸ்டன், 'டாக்கில்ஸ்டன்'. போஸ்ட்விக், 'பாஸிக்'. ஆங்கில எழுத்தில் ஒலியைக் குறித்தால் மறுபடியும் அதே குழப்பம்தான் வரும். தமிழில் எழுதியபோது ஓரளவு எழுதியதையே படிக்க முடிந்தது.

இதில் எனக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அங்கே பேருந்தில் ஏறி அத்தனை எழுத்தையும் யார் சொல்கிறார்கள்? அம்பைதான். கோயம்புத்தூர் கோவை ஆனதையும் தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும் மரூஉ என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வாய் தேய்க்கிறது, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம், நாம் தேய்ந்த பெயரையும் அப்படியே எழுதிக்கொள்கிறோம். இங்கிலாந்தில் எழுத்து பழைய இடத்திலேயே நின்றுவிட்டது, பேச்சு மட்டும் நடந்து போய்விட்டது. ஆங்கிலம் முதல் அசையில்தான் பெரும்பாலும் அழுத்தம் கொடுக்கும், பின்னால் வருகிறவை மெலிந்து மெலிந்து மறையும். விக்முண்ட் என்பவரின் குடியிருப்பு என்ற பொருளில் வந்த பெயர், 'விண்டம்' என்று இரண்டு அசையில் அடங்கியது அப்படித்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் எழுத்துதான் மூலம், பேச்சு அதன் தேய்வு என்று நினைத்துவிடக் கூடாது. நார்ஃபோக்கிலேயே கோல்டிஷால் என்ற ஊரின் பக்கத்தில் இன்னோர் ஊர் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் பிரெஞ்சு மாதிரி, 'ஓபுவா' என்று படிக்கத் தோன்றும், உயர்ந்த காடு என்று பொருளும் வரும். ஊர்க்காரர்கள் சொல்வது 'ஹாபிஸ்'. அவர்கள் சிதைத்துப் பேசுகிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 1086-இல் அரசர் எடுத்த நிலக் கணக்கில் அந்தப் பெயர் கிட்டத்தட்ட 'ஹோபுயிஸ்' என்றே பதிவாகியிருக்கிறது. புல்திட்டுகள் நிறைந்த சதுப்பு நிலம் என்பது போன்ற பழைய ஆங்கிலச் சொல்லாக இருக்கலாம் என்கிறார்கள். பிரெஞ்சு வேடம் பிற்கால எழுத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. படிக்காத உழவர்களின் வாய் சரியாகக் காத்து வந்ததை, படித்தவர்களின் பேனா மாற்றிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஊர்க்காரர் ஒருவர் தன் ஊரின் பெயரைச் சொல்லும்போது அதைத் திருத்துவதற்கு எனக்கு வாய் வருவதில்லை.

ஹேஸ்ப்ராவுக்குப் பிறகு நானே பலமுறை போனேன். 1790-இல் கட்டிய, சிவப்புப் பட்டைகள் போட்ட கலங்கரை விளக்கம் தூரத்திலேயே தெரியும். மண் மேட்டைக் கடல் தின்றுகொண்டே வருகிறது, கடற்கரைச் சாலையில் இருந்த சில வீடுகள் இப்போது இல்லை. 2013-இல் அங்கே கரையில் வெளிப்பட்ட ஆதிமனிதக் காலடித் தடங்கள் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. சில நாட்களில் அலை அவற்றையும் அழித்துவிட்டது. அன்று போன் செய்த பெண்மணி, இருந்து மறைந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டி, அங்கே குடியிருந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு கதையிலும் ஊர்ப் பெயர் வந்தது, அவர் சொல்லும் விதத்திலேயே வந்தது.

நோட்டை நம்பி ஒருமுறை தவறவும் செய்தேன். வடகரையில் ஸ்டிஃப்கி என்று எழுதும் ஊரை 'ஸ்டூக்கி' என்று சொல்வார்கள் எனக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கத்துச் சிப்பிகளுக்கு 'ஸ்டூக்கி ப்ளூஸ்' என்றே பெயர். அந்த ஊரில் ஒரு பெரியவரின் காலில் கட்டு மாற்றும்போது அப்படிச் சொன்னேன். அவர் மெதுவாக, "நாங்கள் எழுத்தில் இருப்பது போலத்தான் சொல்கிறோம் அம்மா" என்றார். வண்டிக்குத் திரும்பியதும் நோட்டை எடுத்து, அந்த வரியை அடிக்காமல் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: ஸ்டிஃப்கி, இந்த வீட்டில்.